விசில் கேட்காதவர்களோடு மலை ரயிலில்

வேலைக்குப் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களிடம் கொஞ்ச நேரம் பேச வேண்டும் என்று அழைத்தார்கள். கிளமெண்டியிலிருந்து பெருவிரைவு ரயில் ஏறி, நம் பயண அலுவலகத்தின் இதே லிட்டில் இந்தியா மாடிப்படியை மறுபடியும் ஏறி வந்திருக்கிறேன். கீழே மளிகைக் கடையில் இன்னமும் வெங்காய மூட்டை இறக்கிக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஓய்வு பெற்ற பிறகு முழங்கால்தான் கொஞ்சம் முரண்டு பிடிக்கிறது. மற்றபடி நன்றாக இருக்கிறேன்.

டிக்கெட் போடுவது, விசா எடுப்பது, ஓட்டலில் அறை பிரிப்பது இதையெல்லாம் மேசையில் இருக்கும் பிள்ளைகள் என்னைவிட நன்றாகச் சொல்லித் தருவார்கள். நான் அதைச் சொல்ல வரவில்லை. ஒரு குழுவைக் கூட்டிக்கொண்டு வெளியூர் போன பிறகு, அலுவலகத்தைக் கேட்க நேரம் இல்லாமல், நீங்களே முடிவு எடுத்தாக வேண்டிய நிலை ஒரு நாள் வரும். எனக்கு அப்படி வந்த ஒரு நாளைப் பற்றிச் சொல்கிறேன். சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் பெருமை தலைக்கேறும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம்மிடம் அதிகம் விற்கும் பயணங்களில் நீலகிரி ஒன்று. சிங்கப்பூர்க்காரர்களுக்கு மலை என்றால் புக்கிட் தீமா என்ற சின்னக் குன்றுதான். அதனால் நீராவி இன்ஜின் வைத்த ரயிலில், காட்டுக்கு நடுவே, பாலமும் சுரங்கமுமாக மேலே ஏறிப் போவது என்றால் எல்லாருக்கும் ஆசை. மேட்டுப்பாளையத்தில் காலையில் ஏறினால் குன்னூர் வரை அந்தப் பழைய இன்ஜின்தான். நான் எத்தனையோ குழுக்களை அதில் ஏற்றியிருக்கிறேன்.

ஒரு நாள் முதலாளி என்னைக் கூப்பிட்டு, புதிதாக ஒரு குழு வந்திருக்கிறது, நீதான் போக வேண்டும் என்றார். அவர்கள் எல்லாரும் காது கேளாதவர்கள். தமிழர், சீனர், மலாய்க்காரர் என்று கலந்த கூட்டம். பெரும்பாலோர் பள்ளிக்கூடத்திலிருந்தே நண்பர்கள். ஊரெல்லாம் சேர்ந்து சுற்றுவார்கள். அவர்களோடு கிரேஸ் என்ற பெண் வருவாள், அவளுக்குச் சைகை மொழி தண்ணீர் பட்ட பாடு, நாம் பேசுவதை அவர்களுக்கும் அவர்கள் சொல்வதை நமக்கும் மாற்றிச் சொல்வாள், உனக்கு ஒரு சிரமமும் இருக்காது என்றார்.

உண்மையில் சிரமம் இருக்கவில்லை. கோயம்புத்தூரில் இறங்கி, மேட்டுப்பாளையம் விடுதிக்குப் போய்ச் சேரும் வரை. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கிரேஸ் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நாற்காலியிலேயே சாய்ந்துவிட்டாள். முகமெல்லாம் வியர்வை. உள்ளூரில் நமக்கு ஏற்பாடுகள் செய்து தருபவர் வண்டி கொண்டுவந்தார். கோயம்புத்தூர் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். குடல்வால் வீக்கம், உடனே அறுவை சிகிச்சை செய்ய வேண்டும் என்றார்கள். சிங்கப்பூரில் இருந்த அவள் கணவருக்குச் சொன்னோம். அவர் மறுநாள் காலை விமானத்தில் வருவதாகச் சொன்னார். ஏற்பாட்டாளரின் மனைவி நர்ஸ். அதுவரை நான் பக்கத்திலேயே இருக்கிறேன், நீங்கள் உங்கள் ஆட்களைப் பாருங்கள் என்று என்னை அனுப்பினார். கிரேஸ் உள்ளே போகும்போதும் என்னிடம் ஒன்றுதான் சொன்னாள்: அவர்களிடம் பேசும்போது முகத்தைப் பார்த்துப் பேசுங்கள், தரையைப் பார்த்துப் பேசாதீர்கள்.

விடுதிக்குத் திரும்பும் வழியில் முதலாளிக்குப் போன் போட்டேன். அவர் யோசிக்கவே இல்லை.

"ரயிலை கேன்சல் பண்ணிடு லா. வேன் போட்டு ரோட் வழியா ஊட்டிக்கு ஏத்திடு. யாரும் நடுவுல இறங்க வேணாம். ஒண்ணு ஆனா யாரு பதில் சொல்றது?"

அவர் மேல் தப்பு சொல்ல மாட்டேன். அவர் இடத்தில் நான் இருந்திருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். வேன் பத்திரமானது. கதவை மூடினால் யாரும் தொலைந்துபோக மாட்டார்கள். சரி என்று சொல்லிவிட்டுத்தான் போனை வைத்தேன்.

விடுதிச் சாப்பாட்டுக்கூடத்தில் எல்லாரும் காத்திருந்தார்கள். கிரேஸ் எப்படி இருக்கிறாள் என்பதுதான் முதல் கேள்வி. எல்லார் கைப்பேசியிலும் ஒரே அரட்டைக் குழு இருந்ததால் நான் தட்டினேன், அவர்கள் படித்தார்கள். கிரேஸைப் பற்றிச் சொன்னேன். அதற்குப் பிறகு நாளைக்கு ரயில் கிடையாது, வேனில் போகிறோம் என்று தட்டினேன்.

ஒருவர் கையும் அசையவில்லை. அதுவரை அந்தக் கூட்டத்தில் கைகள் ஓய்ந்து நான் பார்த்ததில்லை.

அந்தக் குழுவை ஒருங்கிணைத்தவர் தேவகி. பாலர் வயதிலிருந்தே காது கேளாது. ஒரு கல்லூரி ஆய்வுக்கூடத்தில் வேலை. நாற்பது வயதுக்குள் இருக்கும். ஒல்லியான உடம்பு, எதையும் நேராகப் பார்க்கும் கண். அவர் ஆங்கிலத்தில் தட்டியதை உங்களுக்குத் தமிழில் சொல்கிறேன்.

"நீங்கள் எங்களைக் கேட்கிறீர்களா, எங்களுக்குச் சொல்கிறீர்களா?"

வேறு எந்தக் குழுவாக இருந்தாலும் நான் கேட்டிருப்பேன். ஒரு பயணத்தில் ஏதாவது மாறினால் பயணிகளைக் கூட்டி வைத்து, இப்படிச் செய்யலாமா, அப்படிச் செய்யலாமா என்று கேட்பதுதான் என் பழக்கம். இவர்களிடம் மட்டும் நானும் முதலாளியும் பேசி முடித்துவிட்டு வந்து சொல்கிறோம். எங்களுக்குப் பத்திரமாகத் தோன்றிய வழியை, இவர்களைக் கேட்காமலே இவர்களுக்கும் பத்திரம் என்று நினைத்திருந்தோம்.

"கேட்கிறேன்" என்று தட்டினேன்.

உடனே கைகள் பறந்தன. மேசைக்கு மேசை, மூலைக்கு மூலை பேசினார்கள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. கடைசியில் தேவகி என் பக்கம் திரும்பி எழுதினார்: நாங்கள் ரயிலில்தான் போக விரும்புகிறோம். ஆனால் நீங்கள் எதற்குப் பயப்படுகிறீர்கள் என்று முதலில் சொல்லுங்கள்.

நான் மறைக்காமல் சொன்னேன். நடுவில் ரயில் நிற்கும்போது எல்லாரும் இறங்குவார்கள், திரும்ப ஏறச் சொல்வது விசில்தான், அது உங்களுக்குக் கேட்காது. சுரங்கத்துக்குள் இருட்டாகிவிடும், ஒருவர் கையை ஒருவர் பார்க்க முடியாது, அப்போது ஏதாவது ஆனால் எப்படிச் சொல்வீர்கள்? மூன்றாவது, அறிவிப்பு எல்லாம் வாயால்தான் செய்வார்கள், அதை உங்களுக்குச் சொல்ல நான் ஒருத்திதான் இருக்கிறேன், எனக்கோ உங்கள் மொழி தெரியாது.

அன்று மாலை முழுவதும் அதற்குத்தான் செலவழித்தோம். என் மஞ்சள் குடையை நான் உயர்த்திப் பிடித்தால் எல்லாரும் திரும்பி வர வேண்டும். சுரங்கத்தில் பக்கத்திலிருப்பவர் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும், இரண்டு தடவை அழுத்தினால் ஆபத்து. பிறகு எனக்குச் சில சைகைகள் சொல்லித் தந்தார்கள். வா, நில், காத்திரு, ஆபத்து, நலம். நான் தப்பாகச் செய்தபோதெல்லாம் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். அந்தக் கூட்டத்திலேயே வயதில் மூத்தவரான அருள்நாதன்தான் எனக்குப் பொறுமையாகத் திருத்திக் காட்டினார். அவர் பிறவியிலிருந்து காது கேளாதவர் அல்ல. பூன் லேயில் வீடு, பக்கத்துக் கப்பல் பட்டறையில் கொதிகலன் வேலை. சம்மட்டிச் சத்தத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கேட்பது போய், ஐம்பது வயதில் முழுதாகப் போய்விட்டது. அதற்குப் பிறகுதான் சைகை படித்தாராம். அதனால் வாயாலும் பேசுவார். குரல் சில சமயம் மிக உரக்க வரும், சில சமயம் காற்றாகப் போய்விடும்.

முதலாளிக்கு மறுபடியும் போன் போட்டு, அவர்கள் ரயிலில்தான் போகிறார்கள், நானும் போகிறேன் என்றேன். அவர் பெருமூச்சு விட்டது போனிலேயே கேட்டது. உன் பொறுப்பு என்றார். ஆமாம் என்றேன்.

காலையில் மழை தூறிக்கொண்டிருந்தது. அந்த ரயிலில் இன்ஜின் முன்னால் இழுக்காது. பின்னாலிருந்து பெட்டிகளை மேலே தள்ளும். அதனால் ஓட்டுநருக்கு முன்னால் இருக்கும் வழி தெரியாது. ஒவ்வொரு பெட்டியின் முகப்பிலும் பிரேக் பிடிக்கும் ஊழியர் ஒருவர் நின்று, வழி சரியாக இருந்தால் பச்சைக் கொடி, இல்லாவிட்டால் சிவப்புக் கொடி என்று காட்டுவார். முன்பெட்டிக்காரர் காட்டியதைப் பார்த்து அடுத்தவர், அவரைப் பார்த்து அதற்கடுத்தவர் என்று கடைசியில் இன்ஜினுக்குப் போய்ச் சேரும். நான் இதைப் பல தடவை பார்த்திருக்கிறேன், பெரிதாக நினைத்ததில்லை. நம் ஆட்கள் பார்த்ததும் ஒருவரை ஒருவர் தட்டித் தட்டிக் காட்டினார்கள். தேவகி என் கைப்பேசியில் எழுதினார்: இந்த ரயிலே கையால்தான் பேசுகிறது.

சுரங்கம் வரும்போதெல்லாம் மற்ற பெட்டிகளில் ஓவென்று கத்துவார்கள். அது அங்கே வழக்கம். எங்கள் பெட்டியில் இருட்டு வந்ததும் யாரும் ஒரு சத்தமும் போட மாட்டார்கள். வரிசையாகக் கையைக் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். வெளிச்சம் வந்த நொடியில் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பிப்பார்கள். என் ஒரு கையைத் தேவகியும் இன்னொரு கையை அருள்நாதனும் பிடித்திருந்தார்கள். மரப்பலகை இருக்கை வழியாக இன்ஜினின் இடி உடம்புக்குள் ஏறுவதை அன்றைக்குத்தான் நானும் கவனித்தேன்.

பாதி மலையில் இன்ஜினுக்குத் தண்ணீர் பிடிக்க ஒரு நிறுத்தம் உண்டு. சின்ன நிலையம். ஒரு தேநீர்க் கடை, நிறைய குரங்கு. எல்லாரும் இறங்கினோம். மழை அதற்குள் வலுத்துவிட்டது. பக்கத்துப் பள்ளத்தில் ஓடும் ஆறு பொங்கி, பேசுவது கேட்காத அளவுக்கு இரைச்சல். கொஞ்ச நேரத்தில் ரயில் கார்டு நடைமேடைக்கு வந்து, மேலே பாதையில் மண் சரிந்து விழுந்திருக்கிறது, ரயில் போக முடியாது, தண்ணீர் பிடித்து முடித்ததும் வந்த வழியே திரும்பி மேட்டுப்பாளையத்துக்கு இறங்கப் போகிறோம், எல்லாரும் ஏறுங்கள் என்று உரத்த குரலில் சொன்னார். எல்லாருக்கும் ஏமாற்றம். நிலையத்துக்கு மேலே இருந்த சரிவிலிருந்தும் சின்னச் சின்னக் கற்கள் உருண்டு வந்துகொண்டிருந்ததால் யாரும் வாதாடவில்லை. ஓடி ஓடி ஏறினார்கள்.

நான் மஞ்சள் குடையை உயர்த்தினேன். நம் ஆட்கள் நாலா பக்கத்திலிருந்தும் உடனே வந்துவிட்டார்கள். விஷயத்தைக் கைப்பேசியில் தட்டி எல்லாருக்கும் காட்டிவிட்டுத் தலையை எண்ணினேன். ஒன்று குறைந்தது. மறுபடியும் எண்ணினேன். அருள்நாதன் இல்லை.

தேவகி கையை அசைத்து எல்லாரையும் விசாரித்தார். காலித் என்ற மலாய் இளைஞர் கை காட்டினார். அருள்நாதன் கேமராவை எடுத்துக்கொண்டு இன்ஜினைத் தாண்டி, தண்டவாளத்தின் மேலேயே கீழ்ப்பக்கமாக நடந்து போனதைப் பார்த்தாராம். அது அறிவிப்புக்கு முன்னால். அவர் கைப்பேசிக்குச் செய்தி அனுப்பினோம். மலையில் அந்த இடத்தில் சிக்னலே இல்லை, போகவில்லை. இன்ஜினுக்குப் பின்னால் பாதை கொஞ்ச தூரம் நேராகப் போய், ஒரு வளைவில் திரும்பி, கண்ணுக்கு மறைகிறது. அந்த வளைவுக்கு அப்பால் ஒரு பாலம் இருப்பது எனக்குத் தெரியும். ரயில் இப்போது அந்தப் பக்கம்தான் இறங்கப் போகிறது.

கார்டிடம் ஓடினேன். அவர் கொஞ்சம் தடித்த மனிதர், நனைந்த தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தார். ஒரு பயணி கீழே தண்டவாளத்தில் இருக்கிறார், ரயிலை எடுக்காதீர்கள் என்றேன். அவர் பதற்றப்படாமல், விசிலை நீளமாக அடிக்கச் சொல்கிறேன், எவ்வளவு தூரத்தில் இருந்தாலும் ஒதுங்கி வந்துவிடுவார் என்றார்.

"அவருக்கு விசில் கேக்காது சார். எங்க ஆளுங்க யாருக்குமே கேக்காது."

அவர் எங்கள் பெட்டி ஜன்னல்களைத் திரும்பிப் பார்த்தார். நல்ல மனிதர், உடனே புரிந்துகொண்டார். ஆனால் அவருக்கும் இக்கட்டு. ரயில் முழுக்க ஜனம். மேலே சரிவு நனைந்துகொண்டே இருக்கிறது. இங்கே நிற்க நிற்க எல்லாருக்கும் ஆபத்து. பிரேக் பிடிப்பவர்களையெல்லாம் இறக்கித் தேட அனுப்பவும் முடியாது. ஒருவரை அனுப்புகிறேன், அவரோடு நீங்களும் போங்கள், அதுவரை நான் ரயிலை நகர்த்த மாட்டேன் என்றார்.

பக்கத்துப் பெட்டி வாசலில் நின்றிருந்த ஒருவர், உள்ளே கைக்குழந்தையோடு மனைவியை உட்கார வைத்துவிட்டு வந்தவர், என்னைப் பார்த்துச் சொன்னார்: "ஒருத்தருக்காக எங்க எல்லாரையும் கல்லுக்குக் கீழ நிக்க வைக்கிறீங்க." கோபமாகச் சொல்லவில்லை. பயத்தில் சொன்னார். அவர் சொன்னதும் உண்மைதான்.

இந்த இடத்தைத்தான் நான் உங்களுக்குச் சொல்ல வந்தேன். என் கால் தானாகவே இன்ஜின் பக்கம் ஓடத் தயாராகிவிட்டது. டூர் லீடர் நான். தொலைந்தவர் என் பயணி. நான்தானே போக வேண்டும்? இரண்டு எட்டு வைத்துவிட்டு நின்றேன்.

நான் போனால் இங்கே என் ஆட்களுக்காகக் கார்டிடம் பேச ஒருவரும் இல்லை. நிலைமை மாறினால் அவர்களுக்குச் சொல்லவும் ஆள் இல்லை. அங்கே போய் நான் என்ன செய்வேன்? அருள்நாதா என்று கத்துவேன். அவர் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டிருந்தால் முடிந்தது. பள்ளத்துக்கு அந்தப் பக்கம் நின்றால் அவர் சொல்வது எனக்குக் கேட்காது, நான் சொல்வது அவருக்குத் தெரியாது. அந்த இரைச்சலில், அந்தத் தூரத்தில் அவரோடு பேசக்கூடியவர்கள் யார் என்று யோசித்தேன். என் பெட்டியில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள்.

யாரும் நடுவில் இறங்க வேண்டாம் என்று முதலாளி சொன்னது நினைவில் இருந்தது. காது கேளாத ஒரு பெண்ணை, ரயில் நிற்கிற தண்டவாளத்தில், மழையில் இறக்கி அனுப்புவது என்றால் அதற்கு நேர் எதிர். அவருக்கு ஏதாவது ஆனால் என்னை யாரும் மன்னிக்க மாட்டார்கள், நானே மன்னிக்க மாட்டேன். தேவகியின் முகத்தைப் பார்த்து, ஒவ்வொரு சொல்லாக உதட்டை அசைத்துக் கேட்டேன்: நீங்க போக முடியுமா? ரயில நான் பிடிச்சு வெச்சிருக்கேன்.

அவர் உடனே காலணிக் கயிற்றை இறுக்கிக் கட்டிக்கொண்டு குதித்து இறங்கினார். காலித்தையும் ஹுய் மின் என்ற இன்னொரு பெண்ணையும் கையால் கூப்பிட்டார். மூவரும் ஏதோ வேகமாகப் பேசிக்கொண்டார்கள். நான் திட்டம் போட்டேன் என்று உங்களிடம் சொன்னால் பொய். திட்டம் அவர்களுடையது. காலித் இன்ஜினுக்குப் பின்னால், எனக்குத் தெரியும் இடத்தில் நின்றார். ஹுய் மின் வளைவில் போய் நின்றார். தேவகி சிவப்புக் கொடி வைத்திருந்த ரயில்வே ஊழியரோடு வளைவைத் தாண்டிப் போய் மறைந்தார். நான் கார்டின் பக்கத்தில், அவர் சட்டைக் கையைப் பிடிக்காத குறையாக நின்றேன்.

நேரம் எப்படிப் போனது என்று சொல்லத் தெரியவில்லை. இன்ஜின் தண்ணீர் பிடித்து முடித்துவிட்டது. சரிவிலிருந்து ஒரு பெரிய கல் வந்து கழிவறைச் சுவரில் மோதியது. பெட்டிகளுக்குள் குழந்தைகள் அழுதன. நான் காலித்தின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

திடீரென்று காலித் என் பக்கம் திரும்பினார். கைகள் நிதானமாக, எனக்குப் புரிய வேண்டும் என்று பெரிதாக அசைந்தன. நலம். அதற்குப் பிறகு தன் காலைத் தொட்டு, இரண்டு கையையும் நடுவில் எதையோ நெருக்குவதுபோல் காட்டினார். காத்திரு. மறுபடியும் காத்திரு.

கார்டிடம் சொன்னேன், ஆள் உயிரோடு இருக்கிறார், கால் எங்கேயோ சிக்கியிருக்கிறது, தூக்க ஆள் வேண்டும், ரயில் நகரக் கூடாது. அங்கிருந்து யாரும் வந்து சொல்லாமல் உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார். சொல்லிவிட்டார்கள் சார் என்று காலித்தைக் காட்டினேன். கார்டு உடனே இரண்டு ஊழியர்களையும், நிலைய அறையிலிருந்து ஒரு பெஞ்சுப் பலகையையும் ஒரு கம்பியையும் அனுப்பினார். அவர்கள் வளைவை நெருங்கும்போதுதான் முதலில் போன ஊழியர் மூச்சிரைக்க எதிரே ஓடி வந்தார். அவர் கொண்டுவந்த செய்தி எங்களுக்கு ஏற்கனவே தெரிந்திருந்தது.

பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டது இது. அருள்நாதன் பாலத்தின் முனையில் கால் வழுக்கி, தண்டவாளத்துக்குக் குறுக்கே கிடந்த இரண்டு கட்டைகளுக்கு நடுவே தொடை வரை இறங்கிவிட்டார். கீழே ஆறு. எழ முடியவில்லை. கத்தினாராம். தன் குரல் எவ்வளவு தூரம் போகிறது என்று அவருக்கே தெரியாது. தேவகி வளைவைத் தாண்டியதும் தூரத்திலேயே அவரைப் பார்த்து, அசையாதே, வருகிறோம் என்று கையால் சொல்லியிருக்கிறார். கால் தரையில்லாமல் தொங்கிக்கொண்டிருந்த மனிதர், அதைப் பார்த்ததும் திமிறுவதை நிறுத்தினாராம். ஊழியர்கள் வந்து கட்டையை நெம்பி எடுக்கும் வரை, தேவகி நனைந்த தண்டவாளத்தில் குப்புறப் படுத்து, ஒரு கையால் அவர் அக்குளைத் தாங்கிக்கொண்டு, இன்னொரு கையால் அவரோடு பேசிக்கொண்டே இருந்திருக்கிறார்.

பலகையில் வைத்துத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். கணுக்கால் வீங்கியிருந்தது, தொடையெல்லாம் சிராய்ப்பு, எலும்பு முறியவில்லை. ஜன்னல்களிலிருந்து எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். பக்கத்துப் பெட்டிக்காரர் இறங்கி வந்து ஒரு முனையைத் தாங்கிப் பிடித்தார். அவர் மனைவி தன் சால்வையைக் கழற்றித் தேவகியின் தோளில் போட்டார். யாரும் கை தட்டவில்லை, எல்லாருக்கும் கீழே போனால் போதும் என்றிருந்தது. எண்ணினேன். சரியாக இருந்தது. கார்டிடம் தலையசைத்தேன். ரயில் இறங்கியது.

வழியில் அருள்நாதன் என் காதருகே, மெல்லச் சொல்வதாக நினைத்துக்கொண்டு, பெட்டியே கேட்கும் குரலில் சொன்னார்:

"ரயில் மேலதானே போவும், நான் கீழதானே நிக்கிறேன்னு நினைச்சேம்மா. எல்லாரும் ஜன்னல்ல கை ஆட்டுற மாதிரி ஒரு படம் எடுக்கலாம்னு போனேன்."

அவர் நினைத்ததில் தப்பு இல்லை. அவர் போகும்போது ரயில் மேலேதான் போவதாக இருந்தது. மாறிப்போனது என்று சொன்ன குரல் அவரை எட்டவில்லை. உங்கள் குழுவில் யாருக்குக் காது கேட்கிறது, யாருக்குக் கேட்கவில்லை என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். எந்தக் குழுவிலும் செய்தி போய்ச் சேராத ஒருவர் இருப்பார். மொழி தெரியாதவர், தூங்கிக்கொண்டிருந்தவர், கழிவறைக்குப் போனவர். திட்டம் மாறினால் அவரைத்தான் முதலில் தேடுங்கள்.

மேட்டுப்பாளையத்தில் அருள்நாதனுக்குக் கட்டுப் போட்ட பிறகு முதலாளிக்குப் போன் போட்டேன். நடந்ததை ஒன்று விடாமல், வரிசையாகச் சொன்னேன். அவர் குறுக்கே பேசவில்லை. முடித்ததும் கேட்டார்.

"அந்தப் பொண்ணை டிராக்ல அனுப்புனியே, யாரைக் கேட்டு அனுப்புன?"

"அவங்களைக் கேட்டு."

அடுத்து அவர் கிரேஸ் எப்படி இருக்கிறாள் என்று விசாரித்தார். கண் விழித்துவிட்டாள், கணவர் வந்துவிட்டார் என்றேன். சரி, பார்த்துக்கொள் என்று வைத்துவிட்டார். அதற்குப் பிறகு அந்த விஷயமாக அவர் என்னைக் கடிந்து ஒரு வார்த்தை சொன்னதில்லை.

சிங்கப்பூருக்குத் திரும்பியதும் நான் அவரிடம் ஒன்று கேட்டேன். இந்த மாதிரிக் குழுக்களை இனி நான் நடத்த மாட்டேன், தேவகி நடத்தட்டும், நான் கூடப் போகிறேன் என்றேன். முதலாளி உடனே ஒப்புக்கொள்ளவில்லை. ஓட்டல்காரன் போன் பண்ணினால் யார் எடுப்பது, விமான நிலையத்தில் விமானம் ஏறும் வாசலை மாற்றி அறிவித்தால் என்ன செய்வது என்று அடுக்கினார். நியாயமான கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் தேவகி வந்து உட்கார்ந்து பதில் வைத்திருந்தார். முதலில் என்னோடு உதவியாக வந்தார். ஆய்வுக்கூட வேலையை விட்டுவிட்டு முழு நேரமாக வர அவருக்கும் யோசனை இருந்தது, வீட்டிலும் எதிர்ப்பு இருந்தது. படிப்படியாகத்தான் நடந்தது. நான் அவரிடம் சைகை படித்தேன், ஒழுங்காக, வகுப்புப் போல. இன்றைக்கும் என் விரல்கள் தடுமாறும், ஆனால் சண்டை போடும் அளவுக்குத் தெரியும். நீங்கள் சேர்ந்திருக்கும் இந்த அலுவலகத்தில் அந்தக் குழுக்களையெல்லாம் இப்போது நடத்துபவர் அவர்தான். நாலு மேசை தள்ளி உட்கார்ந்திருக்கிறார். போய் முகத்தைப் பார்த்துப் பேசுங்கள்.

என் வேலையில் நான் பெருமைப்படும் காரியம் எது என்று கேட்டால், ஓடிப்போகாமல் நின்றதைச் சொல்வேன். ஓடியிருந்தால் பார்ப்பவர்களுக்கு நன்றாகத்தான் இருந்திருக்கும். நம் தொழிலில் பதற்றமான நேரத்தில் எல்லாவற்றையும் நாமே செய்ய வேண்டும் என்று கை பரபரக்கும். யாரால் முடியும் என்று ஒரு மூச்சு நின்று பாருங்கள். அந்த ஆள் நீங்களாக இல்லாமலும் இருக்கலாம்.

ஓய்வு பெறுவதற்கு முந்தைய மாதம், தேவகி ஒரு குழுவை நீலகிரிக்குக் கூட்டிக்கொண்டு போனார். என்னையும் வரச் சொன்னார். அருள்நாதனும் வந்திருந்தார், கையில் ஊன்றுகோல், கழுத்தில் அதே கேமரா. அன்றைக்கு வானம் தெளிவாக இருந்தது. ரயில் புறப்பட்டதும் நான் வழக்கம்போல எழுந்து நின்று பெட்டியின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்தேன், யாருக்குக் குளிர்கிறது, யார் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டுகிறார்கள் என்று. தேவகி வந்து என் தோளைத் தட்டி, ஜன்னலோர இருக்கையைக் காட்டினார்.

உட்காருங்கள், நீங்கள் இன்றைக்குப் பயணி என்று அவர் கைகள் சொன்னன.

உட்கார்ந்தேன். பாக்குத் தோப்புகள் கீழே போயின. பள்ளத்துக்கு அந்தப் பக்கம் ஒரு பாறை முழுக்க வெள்ளிக் கோடாக அருவி இறங்கிக்கொண்டிருந்தது. அதற்கு மேலே இன்னொரு மலை, அதற்கும் மேலே இன்னொன்று, நீலமாக. பக்கத்திலிருந்த அருள்நாதனிடம் இது என்ன புதிதாக இருக்கிறதே என்று கையால் கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே, மலை எங்கேயும் போகலம்மா, இங்கதான் இருந்துச்சு என்றார்.

அத்தனை வருஷம் அந்தப் பாதையில் ஏறி இறங்கியிருக்கிறேன். பயணிகளின் முகங்களைத்தான் பார்த்துக்கொண்டு போயிருக்கிறேன். மலையை அன்றைக்குத்தான் பார்த்தேன்.